பேனரில் இடமில்லாத முகாம்

வடஆற்காட்டு வடிவக்கலைப் பயிலகத்தில் முதல் ஆண்டு முழுக்க 'அ' எழுதுவார்கள். இரண்டாம் ஆண்டு, எழுதிய 'அ'வைச் சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். மூன்றாம் ஆண்டு, அந்த 'அ'வை யாரிடம் கொண்டுபோய்க் காட்டினால் வேலை கிடைக்கும் என்று படிப்பார்கள். 'ஆ'வுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. அது அவரவர் சொந்த முயற்சி.

மூன்றாம் ஆண்டுப் பாடத்துக்கு 'அறிமுகவியல்' என்று பெயர். முதல்வர் கோபால்சாமியே நேரில் வந்து நடத்துவார். தேநீர்க் கோப்பையை எப்போதும் இடது கையில் பிடிக்க வேண்டும். வலது கை குலுக்குவதற்குக் காலியாக இருக்க வேண்டும். பெரிய மனிதர் நகைச்சுவை சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட வேண்டும். அவர் தன் பெயரைச் சொன்னதும், "அவர் நீங்கள்தானா!" என்று அரையடி பின்வாங்க வேண்டும். இதற்கெல்லாம் செய்முறைத் தேர்வு உண்டு. வாணியம்பாடி ஃபரூக் அதில் தோற்றுப்போனான். 'நகைச்சுவை முடிந்த பிறகு சிரிக்கிறார். காலதாமதம்' என்பது தேர்வாளரின் குறிப்பு.

எழுத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நீலப்பொடி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டு பிரஷ்ஷை எடுத்தான் என்றால், வரியின் கடைசி எழுத்து வரைக்கும் இடைவெளி பிசகாது. இந்தத் திறமைக்குப் பயிலகத்தில் மதிப்பெண் பத்து. மீதித் தொண்ணூறும் அறிமுகவியலுக்குப் போய்விட்டது.

அவனுடைய அத்தா முக்தார் அகமதுக்கு வாணியம்பாடியில் தோல் மண்டி. அவருக்கு எழுத்தின் மேல் பகை ஒன்றுமில்லை. காலம் ஆகிக்கொண்டே போவதுதான் பிடிக்கவில்லை.

"மூணு வருசமா எழுதினே. நல்லாத்தான் எழுதறே. அது வேலைக்கு ஆவுதா இல்லியா? இந்த மலை முகாம் முடிஞ்சு வரச்சொல்ல வேலையோட வா. இல்லாங்காட்டி தை மாசம் மண்டில வந்து குந்து. தோலு தரம் பிரிக்க ஆள் இல்லாம அல்லாடறேன்."

"அத்தா, அந்த நாத்தம் எனக்கு ஒத்துக்கலியே."

"எனக்கு மட்டும் அத்தர் மாதிரியாடா கீது? போய்ட்டு வா. வேலையோட வா."

ஃபரூக் மலை ஏறும்போது அவன் பெட்டியில் பிரஷ்ஷும், நெஞ்சில் தோல் நாற்றமும் இருந்தன.

முகாமின் பெயர் 'எழுத்தும் அறிமுகமும்'. அந்த ஆண்டு, அதாவது எண்பத்தொன்று மார்கழியில், அதை ஜவ்வாது மலையில் நடத்தத் தீர்மானித்திருந்தார்கள். 'நகரச் சந்தடியில் மனிதர்கள் ஒருவரையொருவர் அறிய இயலாமையால்' என்று சுற்றறிக்கை காரணம் சொன்னது. ஆட்சிக்குழுத் தலைவர் தீர்த்தகிரியாரின் மார்புச் சளிக்கு மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்ததைச் சுற்றறிக்கை சொல்லவில்லை.

தலைமை விருந்தினர் சென்னை அச்சக முதலாளி கோவிந்தன். பெரிய அச்சகம். அவருக்கு நன்றாக எழுத்து எழுதத் தெரிந்த ஆள் ஒருவன் உடனே வேண்டும் என்றும், முகாமிலேயே பார்த்துப் பிடித்துப் போகப்போகிறார் என்றும் மாணவர் விடுதியில் பேச்சு. ஒரே ஒரு வேலை. அந்த வேலைக்கும் தோல் மண்டிக்கும் நடுவில் ஃபரூக் நின்றுகொண்டிருந்தான்.

மலைமேல் காட்டு பங்களா ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். காவலுக்குக் குப்பன், சமையலுக்கு அவன் மனைவி செல்லி. இரண்டு பேரும் பக்கத்துக் கிராமத்தில் சாமை போடுகிறவர்கள். பங்களாவுக்கு ஆள் வந்தால் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

வந்து இறங்கியதும் முதல்வர், "பயணக் களைப்பிலும் பயிற்சியை விடக் கூடாது" என்றார். மாணவர்கள் வரிசையாக நின்று இடது கையில் டம்ளரைப் பிடித்து, வலது கையைக் காற்றில் நீட்டிக் குலுக்கினார்கள். மலைக்குளிரில் கை தானாகவே குலுங்கியதால் அன்றைக்கு எல்லோரும் தேறினார்கள்.

டீ ஊற்றிக்கொண்டு வந்த செல்லி நின்று பார்த்தாள்.

"இன்னாபா, சோத்துக் கைல எல்லாருக்கும் நோவா?"

"பயிற்சிம்மா" என்றான் ஃபரூக்.

"இன்னா பயிற்சி?"

"பெரிய மனுசங்கள பாத்தா எப்படிக் கை குடுக்கறதுன்னு."

"அதுக்குப் படிப்பா? கும்புட்டா ஒரே நொடில ஆச்சு. ரெண்டு கையும் வேணும், டம்ளரக் கீழ வையி."

தலைமை விருந்தினர் மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. அதற்குள் பேனர் எழுதியாக வேண்டும். பயிலகத்தில் எழுதத் தெரிந்த மாணவன் யார் என்று பார்த்து, வேலையை ஃபரூக்கின் தலையில் கட்டினார்கள். அவனுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். வருகிறவர் எழுத்து எழுதுகிறவனைத் தேடி வருகிறார்; அவர் கண்ணில் முதலில் படப்போவது தன் எழுத்து. இதைவிட வேறென்ன அறிமுகம் வேண்டும்?

தாழ்வாரத்தில் துணியை விரித்து, நூல் சுண்டி, பென்சிலால் வரைந்தான். மேலே பெரிதாக 'எழுத்தும் அறிமுகமும்'. மலைப்பாதையின் எதிர் வளைவிலிருந்தே படிக்கும்படியான எழுத்து. அதன் கீழே 'பயிற்சி முகாம்' என்றும், ஊரும். அடியில் ஒரே வரியில் பெரியவர்களின் பெயர்கள், ஒரே அளவில்.

முதலில் பார்க்க வந்தவர் எழுத்துத் துறைத் தலைவி சுந்தரம்மாள். முதல் ஆண்டு முழுக்க 'அ' எழுதவைத்தவர் அவர்தான்.

"அழகு" என்றார். பிறகு குனிந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பெயரெல்லாம் ஒரே அளவா? நீ எந்தக் கட்சி?"

"கட்சியெல்லாம் இல்லீங்கம்மா. படிக்கச் சுலபமா இருக்கும்னு..."

"எழுத்துகளும் மனிதர்களைப் போலத்தான் தம்பி. எல்லோரும் ஒரே உயரமாக இருந்துவிட்டால் யார் யாருக்கு வணக்கம் சொல்வது? எனக்கு ஒன்றுமில்லை. நான் அடியில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கவும் தயார். ஆனால் துறை என்று ஒன்று இருக்கிறதே! துறையைச் சிறிதாக எழுதாதே. துறையின் பெயர் சுந்தரம்மாள்."

ஃபரூக் சுந்தரம்மாளை இரண்டு மடங்காக்கினான். முகாமின் பெயர் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தது.

அடுத்தவர் முதல்வர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதேச்சையாகக் காற்று வாங்க வந்தவர்போல வந்தார்.

"நான் பெயருக்கு ஆசைப்படுகிறவன் அல்லன். என் பெயரைப் போடவே வேண்டாம் என்பதுதான் என் கொள்கை. ஆனால் போட்டுவிட்டாய். போட்ட பிறகு அது சுந்தரம்மாள் பெயரைவிடச் சிறியதாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்னை அல்ல, உன்னைத்தான் தவறாக நினைப்பார்கள். உன் எதிர்காலத்தை எண்ணித்தான் சொல்கிறேன்." போகும்போது திரும்பி நின்றார். "இன்னொன்று. கோபால்சாமி என்பது சின்னப் பெயர். தீர்த்தகிரியார் என்பது நீளமான பெயர். ஒரே அளவில் எழுதினாலும் அவர் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறார் பார். என் பெற்றோர் யோசனை இல்லாமல் எனக்குச் செய்த அநீதி அது. அதை நீதான் நிவர்த்தி செய்ய வேண்டும்."

ஃபரூக் நிவர்த்தி செய்தான். முகாமின் பெயர் இன்னொரு வரி கீழே இறங்கியது.

ஆட்சிக்குழுத் தலைவர் நடந்து வரவில்லை. நாற்காலியோடு வந்தார், இரண்டு மாணவர்கள் தூக்கிவந்தார்கள். மார்புச் சளி.

"முதல்வர் பேரு எவ்வளவு ஒசரம்?"

"ஒரு முழமுங்க."

"சரி. என் பேரு அதவிட எவ்வளவு பெருசா இருக்கணும்னு நான் சொல்லமாட்டேன். அது மரியாத இல்ல. பாக்கறவனுக்குத் தானா தெரியணும். சாயங்காலத்துல, கண்ணாடி போடாம, நடந்துகிட்டே பாத்தாலும் தெரியணும். நான் அளவு சொன்னதா யாருக்கும் சொல்லாத."

எழுத்துகள் வளர்ந்தன, துணி வளரவில்லை. தீர்த்தகிரியாரில் 'தீர்' வந்தபோதே துணி தீர்ந்துவிட்டது. ஃபரூக் போய் முதல்வரிடம் சொன்னான்.

"பங்களாவில் போர்வை இல்லையா?" என்றார் முதல்வர்.

குப்பன் பதறினான். "அய்யா, மார்கழி மாசங்க. இங்க நாயே அடுப்பாண்ட வந்து படுக்கும். போர்வை இல்லாம புள்ளைங்க இன்னா பண்ணுங்க?"

"கலைக்காகக் குளிரைத் தாங்குவது ஒரு பாக்கியம். அந்தப் பாக்கியத்தை முதலில் மாணவர்களுக்குக் கொடு" என்றார் முதல்வர். அவரிடம் சொந்தச் சால்வை இருந்தது.

மாணவர்களின் போர்வைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார்கள். தலைவர் முடிந்ததும் முதல்வர் மறுபடி வந்து, தன் பெயருக்கு முன்னால் 'பேராசிரியர்' விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினார். அதற்கு மேசை விரிப்பு. தலைவருக்கு உடனே 'கலைக்காவலர்' என்ற பட்டம் நினைவுக்கு வந்தது. அதை அவருக்கு யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. அவரே கொடுத்துக்கொண்டது என்பதால் அவருக்கும் கூச்சமாக இருந்தது. அதற்கு ஜன்னல் திரைகள். சுந்தரம்மாளுக்குத் துறை மறுபடி சிறுத்துவிட்டதாகத் தோன்றியது. அதற்குச் சோபா உறை. கடைசியில் சமையலறைக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த புடவையை நோக்கி ஒரு மாணவன் போனான்.

"என் பொடவைல கைய வெச்சே, கரண்டி பேசும்" என்றாள் செல்லி. கலை அங்கே நின்றது.

தலைமை விருந்தினரின் பெயருக்கு ஒரு தலையணை உறை மிஞ்சியிருந்தது. 'கோவிந்தன்' அதில் சரியாக அடங்கினார். 'எழுத்தும் அறிமுகமும்' என்பதை ஃபரூக் தன் சொந்தத் துண்டில் எழுதி ஓரத்தில் சேர்த்தான். ஊர் பெயருக்குத் துணி இல்லை.

காலையில் பேனரைக் கட்டினார்கள். பங்களாக் கூரையில் தொடங்கி, சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி, முற்றத்தைத் தாண்டிப் பலாமரத்தில் போய் முடிந்தது. பங்களாவே மறைந்துவிட்டது. உள்ளே போக வேண்டுமென்றால் தீர்த்தகிரியாரின் கடைசி எழுத்தைத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும். தலைவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வெகுநேரம் படித்தார். "இயற்கை அழகு நெறைஞ்ச எடம்" என்றார்.

விருந்தினருக்குக் காத்திருந்த வேளையை வீணாக்காமல் அறிமுகங்கள் நடந்தன. முதல்வர் தலைவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். தலைவர் முதல்வரை அறிமுகப்படுத்தினார். சுந்தரம்மாள் இருவரையும் அறிமுகப்படுத்தி, தாம் அவர்களுக்கு அறிமுகமான கதையைச் சொன்னார். அவரைக் குறிப்பிடத் தவறிவிட்டதாகச் சொல்லி முதல்வர் எழுந்து சுந்தரம்மாளை அறிமுகப்படுத்தினார். குளிரில் விடிய விடிய நடுங்கிய மாணவர்கள் அந்த வெயிலில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். மாணவர்களை அறிமுகப்படுத்துவது அடுத்த ஆண்டு முகாமுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஃபரூக் மட்டும் அங்கே இல்லை. பேனரில் ஊர் பெயர் இல்லாததால், அந்தக் குறையை ஆளாக நின்று தீர்க்கும்படி அவனை மலைப்பாதை வளைவில் நிறுத்தியிருந்தார்கள். கையில் மாலை. சாலையில் ஒரு கழுதையும் புளி மூட்டை ஏற்றிய ஒரு வண்டியும் போயின. பிறகு ஒரு கறுப்பு அம்பாசடர் மூச்சிரைத்து ஏறி வந்தது.

வளைவுக்கு முன்னாலேயே கார் நின்றது. பின்ஸீட்டிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட பருமனான மனிதர் இறங்கினார். பள்ளத்தாக்குக்கு அப்பால் தெரிந்த பேனரைக் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் படித்தார். பிறகு, பாம்பைக் கண்டவர்போலச் சட்டென்று காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் பங்களாப் பக்கம் திரும்பாமல் சந்தைக் கிராமத்துச் சாலையில் பறந்தது.

ஃபரூக் வளைவிலிருந்து எட்டிப் பார்த்தான். போவது கார் அல்ல, வேலை. தன் பேனரால் தலைமை விருந்தினர் வழி தப்பிவிட்டார். அவன் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஓடுவதற்குக் கை காலியாக வேண்டுமே, குறுக்கே சாமைக் கொல்லை வழியாக இறங்கி ஓடினான்.

சந்தைக் கிராமத்தில் மாதையன் டீக்கடை வாசலில் அம்பாசடர் நின்றிருந்தது. முதலாளி கோவிந்தன் உள்ளே பெஞ்சில் குந்தி வடை தின்றுகொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாக வியர்த்து விறுவிறுத்து நுழைந்தவனைப் பார்த்து மாதையன், "இன்னா மாப்ள, பொண்ணு ஓடிட்டாளா?" என்றான்.

அறிமுகவியலில் படித்த எதுவும் ஃபரூக்கின் வாயில் வரவில்லை. "ஐயா... முகாம்... அந்தப் பக்கங்க... வழி தப்பிட்டீங்க" என்று மூச்சிரைத்தான்.

"யார் தப்பினது? நானா?" கோவிந்தன் வடையைக் கீழே வைத்தார். "நல்லாப் படிச்சுட்டுத்தான்பா திரும்பினேன். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மூணு பேரு பேருதான். போன வருஷம் வேலூர்ல இதே மூணு பேரு ஒருத்தர ஒருத்தர் அறிமுகம் பண்ணிக்கினாங்க. மத்யானச் சாப்பாட்ட நான் ராத்திரி சாப்ட்டேன். இந்த வருஷம் வேற யாரோ நடத்தறாங்கன்னு நெனச்சு வந்தேன். மலை ஏறியும் அதே கும்பலா! உள்ள போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. தப்பிச்சேன்." ஒரு வாய் டீ குடித்தார். "என் வாழ்நாள்ல எனக்கு நல்லது பண்ண பேனர் அது ஒண்ணுதான். யார் எழுதினது?"

ஃபரூக் தயங்கினான். சொன்னால் திட்டு விழுமா, பாராட்டா என்று விளங்கவில்லை. "நான்தாங்க" என்றான். உடனே, "ஆனா அளவெல்லாம் என்னோடது இல்லீங்க" என்றும் சேர்த்தான்.

"தெரியும். அந்த அளவு எந்த மனுஷனுக்கும் தானா வராது. ஆனா எழுத்து சுத்தம். அவ்வளவு பெருசு பண்ணியும் ஒரு எழுத்து கோணல. மூணு பேருக்கும் மாத்தி மாத்தி ஏத்தினியா?"

"ஆமாங்க. விடிய விடிய."

"யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்லீங்க."

கோவிந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு பேருக்கும் பேர் எழுதி அடி வாங்காம வந்துருக்கே! தம்பி, என் அச்சகத்துல பாதி வேலை கல்யாணப் பத்திரிகை. போன தைல தாய்மாமன் பேரு சித்தப்பா பேரவிட அரை நூல் அளவு சின்னதாப் போச்சுன்னு, அச்சுக் கோக்கற என் கம்போஸிட்டர மை டப்பாவுல முக்கினாங்க. அவன் ஊருக்கே போய்ட்டான். தை பொறந்தா முகூர்த்தம் வருது. உன்ன மாதிரி ஆளத்தான்பா நான் தேடறேன். நேரமிருந்தா உன் எழுத்த இன்னும் ரெண்டு பாத்துட்டு..."

வாக்கியம் முடியவில்லை. சாலையில் ஜீப் சத்தம் கேட்டது. கோவிந்தன் தலையை நீட்டிப் பார்த்தார். பேனரிலிருந்த மூன்று பெயர்களும் ஜீப்பில் உட்கார்ந்து வந்தன. அவர் ஒரே தாவில் கடையின் பின்பக்கம் போய்ப் புளி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவருடைய டிரைவர் முதலாளியைப் போலவே அனுபவப்பட்டவன். அம்பாசடரை ஏற்கெனவே வைக்கோல் போருக்குப் பின்னால் ஓட்டிப் போயிருந்தான்.

முதல்வர் இறங்கினார். "விருந்தினர் எங்கே? கார் இந்தப் பக்கம் வந்ததாகக் குப்பன் சொல்கிறான். மாலை உன் கழுத்தில் ஏன் இருக்கிறது?"

ஃபரூக் மாலையைக் கழற்றினான்.

"கேட்டுக்கொள். விருந்தினர் இல்லாமல் முகாம் தொடங்காது. முகாம் தொடங்காவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியாது. முடியாவிட்டால் உனக்குப் பட்டயம் இல்லை. அவரைப் பார்த்தாயா?"

ஒரு பக்கம் பட்டயம். இன்னொரு பக்கம் புளி மூட்டை. மூட்டைக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியின் நுனி தெரிந்தது. மாதையன் ஒன்றும் தெரியாதவன்போல அதன்மேல் ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டான். ஃபரூக் தோல் மண்டியை நினைத்தான்.

"செங்கம் பக்கம் எறங்கிட்டாருங்க. இங்க ரொம்பக் குளிராம். செங்கத்துல காத்திருக்கறேன்னாரு."

ஜீப்பிலிருந்து தலைவர் இருமிக்கொண்டே சொன்னார்: "செங்கமா? அதுவும் சரிதான். மார்கழி. கல்யாண மண்டபம் காலியாத்தான் இருக்கும். குளிர் எனக்கும் ஒத்துக்கல."

"மாணவர்கள்?" என்றார் சுந்தரம்மாள்.

"ஜீப்பில் இடம் ஏது?" என்றார் முதல்வர். "பேனர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முகாம். முதலில் பேனரை அவிழ்த்து ஏற்றுவோம்."

பங்களாவுக்குத் திரும்பிப் போய் ஏற்றினார்கள். ஜீப்பில் பேனர் உட்கார்ந்தது போக மிச்ச இடத்தில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு மலை இறங்கினார்கள். வளைவுகளில் தீர்த்தகிரியாரின் எழுத்துகள் வெளியே பறந்து, பின்னால் வந்த பேருந்தின் கண்ணாடியை மூடியதாகக் கேள்வி.

ஜீப் சத்தம் அடங்கியதும் புளித்தூசு படிந்த மனிதர் எழுந்து வந்தார்.

"போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க."

"பொய் நல்லாச் சொல்றே. அச்சகத்துக்கு அதுவும் வேணும். 'நாளைக்குக் காலைல ரெடி'ன்னு தெனம் சொல்லணும்." வயிற்றைத் தடவினார். "உங்க பங்களால சமையல் ஆயிருக்குமா?"

ஆயிருந்தது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று செல்லி ஆட்டுக்கறிக் குழம்பும் சாமைச் சோறும் அண்டாவில் வைத்திருந்தாள். தின்ன வேண்டியவர்கள் செங்கத்துக்குப் போய்விட்டதைக் கேட்டு ஒரு நிமிஷம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்ப மீதியாவாது. குந்துங்க" என்றாள். மறைப்பு இல்லாமல் பங்களா வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. மாணவர்களும் குப்பனும் முற்றத்தில் உட்கார, தலைமை விருந்தினர் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். சாப்பிட்ட கையோடு ஒவ்வொருவனையும் அவன் எழுதியதைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டிகள் திறந்தன. எல்லாப் பெட்டியிலும் 'அ' இருந்தது.

"அடுத்த எழுத்து?" என்றார் கோவிந்தன்.

ஃபரூக் மட்டும் தன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்தான். வாணியம்பாடிக் கடைப் பலகைகளைப் பார்த்து, விடுமுறையில் தானே எழுதிப் பழகிய மீதி எழுத்துகள். கோவிந்தன் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாள் முடிந்ததும், "தை ஒண்ணாந்தேதி வந்துடு" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா" என்றார்.

செங்கம் கல்யாண மண்டபத்தில் முகாம் சிறப்பாக நடந்தேறியது. தலைமை விருந்தினர் வராததால் தலைவருக்கு முதல்வரும், முதல்வருக்குத் தலைவரும், இருவருக்கும் சுந்தரம்மாளும் மாலை போட்டார்கள். மேடையில் பேனரைக் கட்ட இடம் போதாமல், அதை மண்டபத்துக்கு உள்பக்கமாகச் சுற்றிவர ஓட்டினார்கள். முதல்வர் பேசினார்: "அறிமுகமே வாழ்க்கை. இன்று இந்த அவையில் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் முன்னிலும் ஆழமாக அறிந்துகொண்டோம். இந்த முகாமின் வெற்றிக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மாணவர் ஒருவர்கூட வராததுதான் வருந்தத்தக்கது. இன்றைய இளைஞர்களுக்குக் கற்பதில் ஆர்வம் இல்லை."

முகாமுக்கு வராத குற்றத்துக்காக அந்த ஆண்டு மாணவர் யாருக்கும் பட்டயம் வழங்கப்படவில்லை. ஃபரூக் வீட்டுக்குப் போய் இரண்டு செய்தியையும் சொன்னான்.

"பட்டயம் இல்ல. வேலை கீது" என்றார் முக்தார் அகமது, தராசில் நிறுப்பவர்போல. "அப்படித்தானே?"

"ஆமா, அத்தா."

"சரி. பட்டயம் மாட்ற ஆணில சட்டைய மாட்டிக்க." அன்றைக்கே மண்டிக்கு வேறு ஆள் பார்க்கப் போய்விட்டார்.

சென்னை அச்சகத்தில் ஃபரூக்கின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நல்ல பெயர். தாய்மாமன்களும் சித்தப்பாக்களும் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அந்தப் பெயர் எப்படியோ பயிலகம் வரை எட்டி, அதன் ஆண்டறிக்கை அச்சிடும் வேலையும் அவன் மேசைக்கே வந்தது. பெரியவர்களின் பெயர்களும், ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்ற விவரமும் வந்திருந்தன. அறிக்கை வரவில்லை. 'இடைப்பட்ட இடத்தில் உரிய செய்தியை நிரப்பிக்கொள்ளவும்' என்று மட்டும் ஒரு குறிப்பு இருந்தது.

ஃபரூக் கோவிந்தனிடம் கொண்டுபோய்க் காட்டினான். கோவிந்தன் படித்தார்.

"நிரப்பச் சொல்லிட்டாங்களே. நிரப்பு" என்றார்.

ஃபரூக் நிரப்பினான். போர்வைகளை எடுத்ததும், மாணவர்கள் நடுங்கியதும், தலைமை விருந்தினர் புளி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்ததும், மூன்று பேரும் மண்டபத்தில் மாலை மாற்றிக்கொண்டதும் ஒன்று விடாமல் கோத்தான். நல்ல தெளிவான எழுத்து, போதிய இடைவெளி. கிழவர்களும் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். அச்சாகிக் கட்டுக் கட்டாகப் போயிற்று. பயிலகம் அதை ஆட்சிக்குழுவுக்கும், புரவலர்களுக்கும், கல்வித்துறைக்கும் அனுப்பிவைத்தது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒரே ஒரு புகார் வந்தது. தலைவர் பெயரின் முன்னெழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி விழவில்லையாம்.